பேர் போட்டு வந்த கடிதம்

தை பிறந்துவிட்டால் சிவகாசியில் காலண்டர் வேலை ஓய்ந்துவிடும். செந்தூர்பாண்டியின் அச்சகத்திலும் இரண்டு மிஷின்களில் ஒன்றைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். மற்றொன்றில் கல்யாணப் பத்திரிகையும் ஊதுபத்திக் கவரும் ஓடிக்கொண்டிருந்தன. ஆடியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆர்டர் வரும்வரை முதலாளிக்கும் வேலை கிடையாது, மிஷினுக்கும் கிடையாது.

அப்படி ஓய்ந்து கிடந்த ஒரு மாசியில்தான் செந்தூர்பாண்டி நிலத்தில் இறங்கினார். வாங்கிப்போட்டு, கல் ஊன்றி, பிளாட்டாக்கி விற்பது என்று யோசனை. முதலில் தரகர்களை நம்பிப் பார்த்தார். அவர்கள் வில்லங்கம் பிடித்த நிலமாக இவருக்குக் காட்டிவிட்டு, நல்ல நிலத்தை வேறு ஆளுக்கு முடித்துக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் காலண்டர் வியாபாரி ஒருவர்தான் வழி சொன்னார். தரகனை விடு, நிலத்துக்காரனுக்கு நேரடியாகத் தபால் போடு என்றார்.

செந்தூர்பாண்டியின் மச்சினர் தனுஷ்கோடி, பஜாரில் பேப்பர் மொத்த வியாபாரம் செய்கிறவர், இதைக் கேட்டுச் சிரித்தார்.

"இந்தக் காலத்துல தபாலா மாப்ள? வாட்ஸ்அப்ல போட்டா ஒரு நிமிசத்துல போயிருமே."

"ஒரு நிமிசத்துல போறது மறு நிமிசத்துல அழிஞ்சும் போயிரும் மச்சான். பேரு போட்டு வீட்டுக்கு ஒரு கவர் வந்தா கிழிச்சுப் போட மனசு வராது. காலண்டர் ஆணியில குத்தி வச்சிருவான். இன்னைக்கு விக்க மாட்டான், வேண்டாம். பொண்ணு கல்யாணம் வரும்போது யாரு ஞாபகம் வரும் அவனுக்கு?"

"நூறு பேருக்குப் போட்டா ஒருத்தன் கூப்புடுவானா?"

"முன்னூறு பேருக்குப் போட்டு ஒருத்தன் வந்தாப் போதும். காயிதம் உம்ம கடையில வாங்குனது, மிஷின் சும்மா நிக்கு. தபால் செலவுதான."

"அந்த ஒருத்தனும் வரலைன்னா?"

"காலண்டருக்கும்தான் சாம்பிள் அனுப்புறோம். எல்லாரும் ஆர்டரா குடுக்கான்?"

கடிதத்தை அவரே உட்கார்ந்து எழுதினார். பொதுவாகப் போட்டால் நோட்டீஸ் என்று நினைத்து வடை மடிக்கப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒவ்வொன்றிலும் பட்டாவில் உள்ள பேரையும் சர்வே நம்பரையும் போடச் சொன்னார். கூட்டுப் பட்டாவாக இருந்தால் கூட்டாளியின் பேரையும் உள்ளே சேர்க்கச் சொன்னார். பேரெல்லாம் கம்ப்யூட்டரில் கிடைத்தன. விலாசம் கிடைக்காது. அதற்கு பைண்டிங்கில் வேலை பார்த்த பாண்டிராஜை ஊர் ஊராக அனுப்பினார். அவன் ஆமத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து, வாழ்க்கைப்பட்டு வெளியூர் போன பெண்களின் விலாசம்வரை கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்படிப் போன முன்னூற்றுச் சொச்சம் கடிதங்களில் ஒன்று ஆமத்தூர் முனியசாமிக்கு. ஒன்று, தாயில்பட்டியில் இருக்கும் அவர் தங்கச்சி பாலம்மாளுக்கு.

முனியசாமி வேலை பார்த்தது ஊரை அடுத்த ஒரு பட்டாசுக் கம்பெனியில். மருந்து தோய்த்த கம்பி மத்தாப்பைக் களத்தில் காயப்போட்டு அள்ளுகிற வேலை. மாசி வெயில் அதற்குத் தோதான வெயில். கம்பிச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, திருப்பி, மேகம் கூடினால் ஓடி எடுத்து, சாயங்காலம் வீடு வரும்போது காதுமடல்கூட வெந்திருக்கும். அன்றைக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் பெண்டாட்டி இருளம்மாள் கவரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தபால்காரர் குடுத்துட்டுப் போனாரு. சிவகாசியிலருந்தாம். ஒங்க பேருதானாம்."

முனியசாமி அஞ்சாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசல் வெளிச்சத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சத்தமாகவே வாசித்தார்.

"உயர்திரு முனியசாமி அவர்களுக்கு, வணக்கம். ஆமத்தூர் கிராமத்தில் தங்கள் பெயரில் உள்ள புஞ்சை நிலத்தை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். இது குறித்துக் கூட்டுப் பட்டாதாரரான பாலம்மாள் அவர்களுடன் கலந்து பேசி..."

அங்கே நிறுத்திவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

"பாலம்மா பேரு எதுக்கு வருது?" என்றாள் இருளம்மாள்.

"அவ பேரும் பட்டாவுல கெடக்குல்ல."

"கெடக்கட்டும். சிவகாசிக்காரனுக்கு எப்படித் தெரியும்? நம்ம தெருவுலயே பாதிப் பேருக்குத் தெரியாதே."

முனியசாமி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றரை ஏக்கர் கரிசல் அது. மழை பெய்தால் விளைவது, பெய்யாவிட்டால் வெடித்துக் கிடப்பது. அவர் அப்பா முத்துக்கருப்பன் காலம் பூராவும் அடுத்தவர் காட்டில் உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் வாங்கிய நிலம். அப்பா செத்து வாரிசுப்படி பட்டா மாற்றும்போது, தங்கச்சியிடம் பங்கு வேண்டாமென்று விடுதலை எழுதி வாங்கிவிடு என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். முனியசாமி கேட்கவில்லை. "அவ பேரும் கெடந்துட்டுப் போகட்டும். என்ன, கனக்கவா போகுது?" என்று சொல்லிவிட்டார். பாலம்மாள் பங்கு என்று எதுவும் கேட்டதில்லை. களையெடுப்புக்கு வருவாள், தையில் அறுப்புக்கு வருவாள். ரெண்டு நாள் தங்கி அண்ணனோடும் மதினியோடும் காட்டில் கிடப்பாள். போகும்போது துவரையோ உளுந்தோ ஒரு மூட்டையை முனியசாமி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அவள் புருஷன் இறந்து ஏழெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதிலிருந்து மூட்டை கொஞ்சம் பெரிதாகப் போனது, அவ்வளவுதான்.

"அவ கம்பெனி மூடிக் கெடக்குன்னு சொன்னாளே. கையில ஓட்டமில்லாம இருந்திருக்கும். போயி விசாரிச்சிருப்பா" என்றாள் இருளம்மாள்.

"எங்கிட்டச் சொல்லாமலா?"

"ஒங்ககிட்டச் சொன்னா என்ன சொல்வீகளோன்னு நெனைச்சிருப்பா."

அன்றைக்கு இருளம்மாள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, இருக்கலாம் என்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் முனியசாமி அன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார்.

தாயில்பட்டியில் அதே வாரம் பாலம்மாள் வெடிக்குக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். வேறு எங்கோ நடந்த விபத்தை ஒட்டி அதிகாரிகள் சோதனைக்கு வந்து, அவள் போய்க்கொண்டிருந்த கம்பெனியை மூடச் சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டிலேயே குழாய் வேலை. வெட்டிய காகிதத்தைக் கம்பியில் வைத்து, பசை தடவி, பலகையில் ஓர் உருட்டு. மைதாப் பசை விரல் இடுக்கில் காய்ந்து தோலை இழுக்கும். கடிதத்தை வாசித்தது அவள் மகள் இசைவாணி, சாத்தூரில் காலேஜ் படிக்கிறவள்.

"கூட்டுப் பட்டாதாரரான முனியசாமி அவர்களுடன் கலந்து பேசி... அம்மா, மாமா நெலத்தை விக்காரா?"

பாலம்மாள் உருட்டுவதை நிறுத்தினாள். "அப்படியா போட்டிருக்கு?"

"மாமா பேரு போட்டிருக்கே. நம்ம வீட்டு விலாசம் தெரு பேரோட சரியா இருக்கும்மா. மாமா சொல்லாம இவனுக்கு எப்படித் தெரியும்?"

"விக்கிறதா இருந்தா எங்கிட்டச் சொல்லாம இருக்காது அண்ணன்."

"ஒன் கையெழுத்து வேணும்ல. அதான் அந்த ஆளை விட்டு எழுதச் சொல்லிருக்காரு. நேர்ல கேக்கச் சங்கடமா இருந்திருக்கும்."

பாலம்மாள் உடனே போன் போட்டாள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முனியசாமியின் போன் பகலெல்லாம் வீட்டில்தான் கிடக்கும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"எடுக்க மாட்டேங்குதாகளே" என்றாள் மகளிடம். அதற்குப் பிறகு அவளுக்கும் சந்தேகம் தட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புறப்பட்டு, சிவகாசியில் பஸ் மாறி, ஆமத்தூரில் இறங்கினாள். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நிலத்துக்குத்தான் போனாள். அறுப்பு முடிந்து தட்டை பிடுங்கிய கரிசல், பாளம் பாளமாக வாய் பிளந்து கிடந்தது. யாராவது வந்து கல் ஊன்றியிருக்கிறார்களா என்று நாலு மூலையும் நடந்து பார்த்துவிட்டு, அந்தப் புழுதிக் காலோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள்.

"வா" என்றார் முனியசாமி. எப்போதும் "வா தாயி" என்பவர்.

"வாரேன்." செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "நெலத்தைப் பாத்துட்டு வாரேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நான் பாக்கக் கூடாதா?"

"பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? நீ பாத்துத்தான ஆகணும், வாங்க ஆள் வந்திருக்கும்போது."

பாலம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். "அப்ப உண்மைதானா அண்ணே?"

"எதும்மா உண்மை?"

"ஆள் வந்திருக்குன்றது."

"எங்கிட்டக் கேக்குற? ஒனக்குத் தெரியாமயா?"

"எனக்குத் தெரியாமத்தான எல்லாம் நடக்கு. ரெண்டு நாளு போன் போட்டேன். எடுக்க ஆளில்ல."

முனியசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். இருளம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே நிமிராமல் சொன்னாள். "போன் வந்தா நாங்க என்னத்தப் பேச? அதான் லெட்டராவே வந்திருச்சே."

"எனக்கும்தான் வந்திருக்கு மதினி." பாலம்மாள் மடியிலிருந்து கவரை எடுத்துப் போட்டாள்.

முனியசாமி எடுத்துப் பார்த்தார். அதே கடிதம். அவர் பேர் இருந்த இடத்தில் அவள் பேர், அவள் பேர் இருந்த இடத்தில் அவர் பேர். கவர் மேலே வடக்குத் தெரு, தாயில்பட்டி என்று சுத்தமாக அச்சடித்திருந்தது.

"தாயில்பட்டியில நீ எந்தத் தெருவுல இருக்கேன்னு அவன் என்ன கனவா கண்டான்?" என்றாள் இருளம்மாள்.

"அதைத்தான் நானும் கேக்கேன். நீங்க சொல்லாம எப்படித் தெரியும்?"

"நாங்க சொன்னமா?"

"நான் சொன்னேனா? நான் சிவகாசியில பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கயும் போனவ இல்ல. சத்தியமாச் சொல்லுதேன்."

"சத்தியத்தை எல்லாம் இழுக்காத பாலம்மா" என்றார் முனியசாமி. "வேணும்னா வேணும்னு கேளு. நான் என்னைக்காவது இல்லைன்னு சொல்லிருக்கனா? எவனோ ஒருத்தன் எனக்குக் காயிதம் போட்டு, ஒந் தங்கச்சிகூடப் பேசுன்னு சொல்ற அளவுக்கு ஆகிப்போச்சே."

"நான் எதையும் கேட்டு வரல அண்ணே."

"கேக்காமயா நெலத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்த?" இது இருளம்மாள். "நகை போட்டுத்தான கட்டிக் குடுத்தோம்? ஒம் புருசன் செத்தப்ப காரியம் பூராம் நாங்கதான நின்னு செஞ்சோம்? அதுக்கு மேல வருசா வருசம் மூட்டை. அம்புட்டையும் வாங்கிட்டு, பங்குன்னு வாயைத் தெறந்து கேக்க மாட்டாம ஊரான விட்டு எழுதச் சொல்லுத."

பாலம்மாளின் முகம் கறுத்துவிட்டது. புருஷன் காரியத்தைச் சொன்னதும்தான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"மூட்டை போடுறதச் சொல்லிக் காட்டிட்டீகல்ல மதினி. சரி. நான் கேக்கேன். நீங்க வித்து யாருக்குச் சேத்து வைக்கப் போறீக? புள்ளையா குட்டியா? யாருக்கு இந்த நெலம்?"

முறத்தில் அரிசி அப்படியே நின்றது.

முனியசாமிக்கும் இருளம்மாளுக்கும் குழந்தை இல்லை. மதுரை ஆஸ்பத்திரிவரை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலம்மாள் சொன்னதில்லை. சொன்னவர்களோடு இவள்தான் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

சொல்லி முடித்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். யாராவது ஏதாவது திட்டியிருந்தால் அழுதிருப்பாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு வந்துவிட்டு அவள் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முனியசாமி வேலைக்குப் போய், கம்பிச் சட்டத்தைத் திருப்பாமல் நின்று ஃபோர்மேனிடம் ஏச்சு வாங்கினார். அந்த வாரம் பூராவும் இருளம்மாள் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள்.

"கோவத்துல சொல்லிட்டா. நானும்தான் சொன்னேன். விடுங்க."

"அவ கேட்டது சரிதான. யாருக்கு?"

"இசைவாணிக்குத்தான். நீங்கதான சொல்லுவீக, நமக்கப்பறம் அந்தப் புள்ளைக்குன்னு."

"அதை அவகிட்டச் சொல்லிருக்கோமா?"

"சொல்லல. இப்பச் சொல்லுவோம்."

"இப்பச் சொன்னா, அவ கேட்டதுக்குப் பயந்து சொன்ன மாதிரி இருக்கும். வேண்டாம். வித்து அவ பங்கை அவ கையில குடுத்துருவோம். இனிமே மூட்டையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்."

அடுத்த விடுமுறையில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போய்விட்டார்.

செந்தூர்பாண்டி அன்றைக்கு உற்சாகமாக இல்லை. கடிதம் போட்டு மூன்று வாரம் ஓடியிருந்தது. விலாசம் தவறித் திரும்பி வந்த கவர்கள் மேஜையில் ஒரு கட்டு இருந்தன. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் திட்டினார்கள். ஒரு பெரியவர் தினமும் கூப்பிட்டு, நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தன் மகன்கள் யாரும் பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு பேர் அச்சகத்தில் வேலை கேட்டார்கள். தனுஷ்கோடி கடைப்பக்கம் போனாலே "தபால் வந்துச்சா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் முனியசாமி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.

செந்தூர்பாண்டி எழுந்தே விட்டார். "வாங்கய்யா, உக்காருங்க. ஏலே, காப்பி வாங்கிட்டு வாலே."

"நெலத்தைக் குடுத்துரலாம்னு இருக்கோம் அண்ணாச்சி."

"நல்லதுய்யா. தங்கச்சி பேரும் இருக்கே. அவுக சம்மதமா?"

"அவதான ஆரம்பிச்சதே" என்றார் முனியசாமி.

செந்தூர்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். ஆரம்பித்தது நான்தானே, இவர் தங்கச்சி எங்கே வந்தாள் என்று அவருக்கு ஒரு கணம் ஓடியது. கேட்கலாம் என்று வாயெடுத்தார். இத்தனை கவரில் ஒரே ஒரு ஆள் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எதையாவது கேட்டு, எழுந்து போய்விட்டால்? காப்பி வந்தது. "சாப்பிடுங்கய்யா" என்று டம்ளரை நகர்த்தினார்.

பாலம்மாளிடம் கையெழுத்துக்குப் பேச அவரே காரில் தாயில்பட்டிக்குப் போனார். இசைவாணி பத்து கேள்வி கேட்டாள். பாலம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"எங்க அண்ணன் சரின்னுட்டாரா?"

"அவுகளே எங்கிட்ட வந்து சொன்னாகம்மா."

"அவுகளே வந்தாகளா?"

"ஆமாம்மா. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து உக்காந்து பேசிட்டுப் போனாக."

"அப்பச் சரி" என்றாள். "எங்க வரணும்னு சொல்லுங்க, வாரேன்."

அவர் போன பிறகு, "நான் சொன்னேன்ல, மாமாதான்" என்றாள் மகள். "சரிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலம்மாள் பசைச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் விருதுநகரில் பதிவு. பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சின் இந்த முனையில் முனியசாமியும் இருளம்மாளும், அந்த முனையில் பாலம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது உள்ளே போய், போட்டோவுக்கு நின்று, விரலை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பாலம்மாளுக்குத் தன் பேரை எழுத மட்டும் தெரியும். அதைச் சின்ன வயசில் கற்றுக்கொடுத்தது முனியசாமிதான். அவள் குனிந்து எழுதும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் தாண்டிவிட்டது. வயிறு காய்ந்து போகக் கூடாது என்று செந்தூர்பாண்டி எல்லோரையும் வற்புறுத்தி ஒரு பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். ஒரே மேஜைதான் காலியாக இருந்தது. அண்ணனுக்கு எதிரே தங்கச்சி உட்கார வேண்டியதாகப் போயிற்று. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினார்கள். யாரும் கை வைப்பதற்குள் செந்தூர்பாண்டியின் போன் அடித்தது.

கடைச் சத்தத்தில் அவர் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"ஆமாங்க, செந்தூர்பாண்டிதான்... லெட்டர் நாங்க போட்டதுதாங்க... இல்லீங்க, ஒங்க தம்பி எங்கிட்ட வரவே இல்ல. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது... ஐயா, கோவப்படாம கேளுங்க. பட்டாவுல யார் யார் பேரு இருக்கோ அம்புட்டுப் பேருக்கும் போடுவோம். கம்ப்யூட்டரே பேரை மாத்தி மாத்தி அடிச்சிரும். விலாசம் எங்க பையன் டீக்கடையில விசாரிச்சது... இல்லீங்க, ஒங்க வீட்ல இருந்து யாரும் சொல்லல. அவரைப் போயி ஏன் அடிச்சீக? சரிங்க... வச்சிருதேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பாருங்க, எப்படியெல்லாம் நெனைக்காக" என்று சிரித்தபடி திரும்பியவர், மேஜையைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார்.

மூன்று பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அப்ப... நீ போகலியா பாலம்மா?"

"எங்க மதினி?"

"இவருகிட்ட."

பாலம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அண்ணன்தான் விக்குதுன்னு நெனைச்சேன். விக்காதன்னு சொல்லத்தான் அன்னைக்கு ஓடியாந்தேன்."

முனியசாமி இலையைத் தள்ளிவைத்துவிட்டுச் செந்தூர்பாண்டியைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதைத் திருப்பிர முடியாதா?"

"பதிஞ்சாச்சேய்யா."

"நீங்க குடுத்ததை அப்படியே குடுத்துருதோம்."

"இன்னொருத்தருக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்யா. ரோட்டு மேல பெரிய லேஅவுட் போடுறவரு. ஒங்க துண்டு இருந்தாத்தான் வழி கிடைக்கும்னு சேத்து வாங்குனது." பிறகு, யாரும் கேட்காமலேயே, "நான் ஒன்னும் தப்பாச் சொல்லலியேய்யா. எழுதுனதெல்லாம் சரிதான?" என்றார்.

எழுதியதில் ஒரு தவறும் இல்லைதான். முனியசாமி அதற்கு ஆமாம் என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைச் செந்தூர்பாண்டி பிறகு வெகுநாள் மறக்கவில்லை. தனுஷ்கோடி கேட்டபோது, "ஒரு லெட்டர் காய்ச்சிருச்சு மச்சான்" என்று சொன்னாரே தவிர, திரும்பி வந்த அந்தக் கட்டுக் கவர்களை விலாசம் திருத்தி அடுத்த வருஷம் அனுப்பவில்லை. லேஅவுட்காரர் வழியில் ஏதோ வில்லங்கம் என்று பின்வாங்கிவிட்டதால், அந்தக் கரிசல் வாங்கிய விலைக்கும் போகாமல் அவர் பேரிலேயே கிடந்தது. அதில் லாபமா நஷ்டமா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பாலம்மாள் விருதுநகரிலேயே சிவகாசி பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வா என்று இருளம்மாள் கையைப் பிடித்தாள். "இன்னொரு நாளைக்கு வாரேன் மதினி" என்று சொல்லிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

ஆமத்தூர் பஸ்ஸில் இருளம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். "அவ போன் போட்டா. மணி அடிக்கும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். பேரைப் பாத்துட்டு, எதுக்கு எடுக்கன்னு இருந்துட்டேன்."

முனியசாமி அவளைத் திட்டவில்லை. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

கொஞ்ச மாதம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. கோபம் இல்லை. போவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. களையெடுப்பு, அறுப்பு என்று வந்து பழகியவர்களுக்குச் சும்மா எப்படி வருவது என்று தெரியவில்லை. ஆடிக்குப் பாலம்மாளுக்குச் சேலை எடுத்து வைத்த இருளம்மாள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள்.

புரட்டாசியில் தீபாவளி லோடு மும்முரமாக இருந்த நேரம். ராத்திரி பெய்த மழையில் களம் ஈரமாகிவிட, கம்பெனியில் காயப்போடுகிற ஆட்களுக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். முனியசாமி சேலைப் பையை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனார்.

பாலம்மாள் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழப் போனாள்.

"இரு, இரு. வேலையைப் பாரு." எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வெறும் தரையில உக்காராதண்ணே, பசை கெடக்கும். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டேன்."

"பொய் சொல்லாத." உள்ளே போய் சோறும் துவரம்பருப்புத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். பருப்பு கடையில் வாங்கியது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

"இசைவாணி?"

"காலேஜுக்குப் போயிருக்கா. அவ பேருல பணத்தை அப்படியே போட்டுட்டேன். தொடல."

"நானும் அந்தப் புள்ளை பேருலதான் போட்டிருக்கேன்."

பாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சேலைப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிட்டேன் அண்ணே. மதினிகிட்ட எப்படி வந்து நிக்கன்னு தெரியல."

"அவளும் அதத்தான் சொல்லுதா. ஒங்கிட்ட எப்படி நிக்கன்னு."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீயும் கேட்டிருக்கலாம் தாயி."

"கேக்கத்தான வந்தேன்."

"ஆமா. வந்த." முனியசாமி தலையைக் குனிந்துகொண்டார். கை சும்மா இருக்க மாட்டாமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கம்பியில் சுற்றிப் பார்த்தார். அது ஒரு பக்கம் கூம்பாகப் போயிற்று. பாலம்மாள் வாங்கிப் பிரித்து, திரும்பப் பசை தடவி, நேராகச் சுற்றி வைத்தாள்.

வெளியே திரும்பவும் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் காய்ந்த குழாய்த் தட்டுகளை அவள் எடுக்க, அவரும் எழுந்து இரண்டு தட்டைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"அங்கன மழை எப்படிண்ணே?" என்று கேட்டாள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"நேத்து ராத்திரி பூராம் பேஞ்சிருக்கு. ஒரு உழவுக்குத் தாராளமாக் காணும்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பாலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்ல மழைதான்" என்றாள்.